ஸ்விட்சுக்குள் பிரேக் ஏன்? ஒரு நிரல்மொழியின் பூர்வீகத்தைத் தேடும் வழி

பாலிடெக்னிக்கில் நான் சி என்ற நிரல்மொழிப் பாடம் எடுத்த காலம் முழுக்க ஆண்டு தவறாமல் வந்த கேள்வி இது: "மேடம், ஒவ்வொரு கேஸ் முடியிறப்பவும் பிரேக் போடணும்கிறீங்க. போடலைன்னா ஏன் அடுத்த கேஸுக்குள்ள இறங்குது? அதுவா நிக்காதா?" ஒரு மதிப்பைப் பார்த்துப் பல கிளைகளில் ஒன்றுக்குப் போகச் சொல்லும் கட்டளை ஸ்விட்ச்; கிளை ஒவ்வொன்றும் ஒரு கேஸ்; வெளியே வரச் சொல்வது பிரேக். புதுவயலிலிருந்து வந்த பிள்ளையும் கேட்டது, தேவகோட்டையிலிருந்து வந்த பிள்ளையும் கேட்டது. பாடப்புத்தகத்தில் "பிரேக் இட வேண்டும்" என்பதோடு சரி. கல்லூரி வாசலில் ஜெராக்ஸ் போட்டு விற்கும் நோட்ஸில் அதுகூட அரைகுறை.

பதிலைச் சொல்லிவிட்டுப் போவது ஐந்து வரி வேலை. எப்படித் தேடிப் பிடிப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். சி-யை வைத்துச் சொல்கிறேன், ஏனென்றால் அதன் பழைய காகிதங்கள் நன்றாகத் தப்பிப் பிழைத்திருக்கின்றன, நம் பக்கத்தில் முதல் மொழியாக அதைப் படித்தவர்களும் அதிகம்.

முதல் வேலை, கேள்வியைச் சுருக்குவது. "சி மொழியின் வரலாறு" என்று இறங்கினால் பெல் லேப்ஸ் ஆராய்ச்சிக்கூடம், யூனிக்ஸ் இயக்கமுறை, தாடி வைத்த இரண்டு பேர் ஒரு பெரிய இயந்திரத்தின் முன்னால் இருக்கும் படம், அதோடு மாலை முடிந்துவிடும். ஒரே ஒரு கட்டளையை எடுங்கள், அதுவும் உங்களுக்கு எரிச்சல் தரும் கட்டளையாக. நான் எடுத்துக்கொள்வது இரண்டு உறுத்தல்கள். ஒன்று மேலே சொன்னது. மற்றது கொஞ்சம் நுணுக்கமானது: லூப்புக்குள், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் பகுதிக்குள், ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. அதற்குள் பிரேக் போட்டால் ஸ்விட்சை விட்டு மட்டும் வெளியே வருகிறது. அதே இடத்தில் கன்டினியூ போட்டால் ஸ்விட்சைக் கண்டுகொள்ளாமல் நேரே லூப்பின் அடுத்த சுற்றுக்குப் போகிறது. ஏன் இந்தப் பாரபட்சம்?

அடுத்து வம்சாவளி. எங்கள் ஊர்களில் நகரத்தார் கல்யாணப் பேச்சை எடுத்தால் ஜாதகத்துக்கு முன்னாலேயே "எந்தக் கோயில்?" என்று கேட்பார்கள். இளையாத்தங்குடியா, மாத்தூரா, வைரவன்பட்டியா என்று ஒன்பது குலக்கோயில்களில் ஒன்றைச் சொல்லி, உட்பிரிவு இருந்தால் அதையும் சொன்ன பிறகுதான் பேச்சு நகரும். மொழியிடமும் அதை முதலில் கேட்டுவிடுங்கள். சி-யின் வரிசை இது. 1960களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜும் லண்டனும் சேர்ந்து வடிவமைத்த சி.பி.எல், கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி முதலானோர் கைபட்டது, மிகப் பெரியது. அதைச் சுருக்கி மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் எம்.ஐ.டி.யில் இருந்தபோது செய்தது பி.சி.பி.எல், கையேட்டின் தேதி 1967 ஜூலை. அதை இன்னும் நெருக்கி, 1969-70 வாக்கில் கென் தாம்ப்சன் ஒரு பி.டி.பி.-7 இயந்திரத்தில் எழுதியது பி. 1971-ல் டென்னிஸ் ரிச்சி பி-யை நீட்டத் தொடங்கினார். கொஞ்ச காலம் அதற்கு நியூ பி என்று பெயர். 1973 தொடக்கத்தில் இன்றைய சி-யின் அடிப்படை முடிந்துவிட்டது. அந்தக் கோடையில் யூனிக்ஸ் கருவையே அதில் திருப்பி எழுதினார்கள்.

வரிசையில் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் எந்த இயந்திரம், எவ்வளவு நினைவகம் என்று எழுதிக்கொள்ளுங்கள். பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். தாம்ப்சனின் பி.டி.பி.-7-ல் இருந்தது 8,192 சொற்கள், சொல் ஒன்றுக்கு 18 பிட். இதை மனத்தில் வைத்துக்கொண்டு பி-யைப் பார்த்தால் அது ஏன் அவ்வளவு மெலிந்திருக்கிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

இப்போது காகிதங்கள். நான் சாட்சிகளை மூன்று தரமாகப் பிரிப்பேன். மொழி உருவான அதே காலத்தில் எழுதியவை முதல் தரம்: கையேடு, கம்பைலரின் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) மூல நிரல், உள் அறிக்கை. உருவாக்கியவரே பிற்காலத்தில் நினைவிலிருந்து எழுதியது இரண்டாம் தரம். மற்றவர்கள் எழுதியதெல்லாம் மூன்றாம் தரம், எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும். சி-க்கு முதல் தரத்தில் கிடைப்பவை: 1967-ன் பி.சி.பி.எல் கையேடு, தாம்ப்சன் 1972 ஜனவரி தேதியிட்டு எழுதிய பி கையேடு, 1972-73 காலத்து இரண்டு சி கம்பைலர்கள், 1975-ல் வந்த ஆறாம் பதிப்பு யூனிக்ஸும் அதோடு வந்த ரிச்சியின் சி கையேடும், 1978-ல் கெர்னிகனும் ரிச்சியும் எழுதிய புத்தகம். இரண்டாம் தரத்தில் தலையானது, நிரல்மொழி வரலாற்றுக்கான இரண்டாவது மாநாட்டுக்காக 1993-ல் ரிச்சி எழுதிய கட்டுரை. புத்தகத்தைத் தவிர மற்றவை எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன. ரிச்சி 2011-ல் காலமான பிறகும் அவருடைய பெல் லேப்ஸ் பக்கங்களைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். ஸ்கேன் செய்த கையேடுகளுக்கு பிட்சேவர்ஸ் என்ற தளம், பழைய யூனிக்ஸுக்கு யூனிக்ஸ் ஹெரிட்டேஜ் சொசைட்டி.

அந்த இரண்டு கம்பைலர்கள் ரிச்சி வைத்திருந்த பழைய டெக்டேப் காந்தநாடாச் சுருள்களில் கிடந்தவை. பால் விக்ஸியும் கீத் போஸ்டிக்கும் அவற்றைப் படித்து எடுத்துக் கொடுத்தார்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா நோட்டீஸும் பாட்டுப் புத்தகமும் சேர்த்தபோது சிரித்தவர்கள் இருந்திருப்பார்கள். இன்று சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. தேவையில்லை என்று தோன்றும் நடுக்காலக் காகிதத்தை வைத்திருப்பவர்கள் இல்லாவிட்டால் இந்த வேலையே கிடையாது.

காரைக்குடி செக்காலை ரோட்டில் ஒரு நீளக் கணக்கு நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கணினியில் அட்டவணை போடலாம்தான். ஆனால் தாளில் போட்டால் ஒரே பார்வையில் தெரியும். இடப்பக்கம் மேலிருந்து கீழாக வேலைகள்: ஒரு நிபந்தனை, இரு கிளை, முன்சோதனை லூப், பின்சோதனை லூப், எண்ணும் லூப், பல கிளை, லூப்பை விட்டு வெளியேறுதல், அடுத்த சுற்றுக்குப் போதல், தாவுதல். மேலே குறுக்கே ஆவணங்கள், தேதி வரிசையில். கட்டத்துக்குள் அந்த ஆவணம் சொல்லும் சொல்லை அப்படியே எழுதுங்கள். இன்றைய சி-யில் அதற்கு என்ன பெயர் என்று மாற்றி எழுதாதீர்கள். ஆவணத்தில் இல்லாவிட்டால் கட்டத்தைக் காலியாக விடுங்கள்.

பி.சி.பி.எல் பத்தியை நிரப்பும்போது ஆச்சரியப்படுவீர்கள். தாத்தாவிடம் பேரனைவிட அதிகம் இருக்கிறது. இஃப் தனி, அதற்கு எதிர்மறையாக அன்லெஸ். இரு கிளைக்கு டெஸ்ட் என்று வேறொரு கட்டளை. வைல் உண்டு, அன்டில் உண்டு. கடைசியில் சோதிக்கும் ரிப்பீட் வகைகள் உண்டு. ஃபார் உண்டு, ஆனால் 1 முதல் 10 வரை என்று எண்ணும் வகை மட்டும். பல கிளைக்கு ஸ்விட்ச்ஆன். அடுத்து பி-யின் பத்தியை நிரப்புங்கள். தாம்ப்சனின் கையேட்டில் இஃப்-எல்ஸ், வைல், ஸ்விட்ச்-கேஸ், கோட்டூ, ரிட்டர்ன், அவ்வளவுதான். பி என்பது 8கே பைட்டுக்குள் அழுத்தி, தாம்ப்சனின் மூளை வழியாக வடிகட்டிய பி.சி.பி.எல் என்று ரிச்சி பின்னாளில் எழுதினார். உங்கள் நோட்டிலுள்ள காலிக் கட்டங்கள் அந்த வடிகட்டலைக் காட்டுகின்றன.

இங்கேதான் நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டும். கையேட்டின் இலக்கணப் பகுதியைப் படித்து முடித்ததும் பலர் மூடிவிடுவார்கள். மூடாதீர்கள், பின்னால் இருக்கும் மாதிரி நிரல்களைப் படியுங்கள். இலக்கணம் எது முடியும் என்று சொல்லும். மாதிரி நிரல்தான் அதை உருவாக்கியவர் எப்படிப் பயன்படுத்தினார் என்று காட்டும். தாம்ப்சனின் கையேட்டில் பிரின்ட்எஃப் என்ற ஃபங்ஷன் முழுதாக இருக்கிறது. சி படித்த எல்லோருக்கும் தெரிந்த அதேதான், அதன் குழந்தைப் பருவம். நடுவில் ஒரு ஸ்விட்ச். பத்தடிமான எண்ணுக்கும் எட்டடிமான எண்ணுக்கும் இரண்டு கேஸ் அடுத்தடுத்து, நடுவில் எதுவும் இல்லாமல். முதல் கேஸில் நுழைந்தால் இரண்டாவதன் வேலைக்குள் தானாக இறங்கும். வேலை முடிந்த இடத்தில் என்ன இருக்கிறது தெரியுமா? பிரேக் இல்லை. "கோட்டூ லூப்" இருக்கிறது, அதாவது லூப் என்று பெயரிட்ட இடத்துக்குத் தாவு. அடுத்த கேஸின் முடிவிலும் கோட்டூ லூப். அதற்கடுத்ததிலும் அதுவே.

இந்த ஒரு பக்கத்தைப் பார்த்ததும் என் மாணவர்களின் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடுகிறது. கேஸ் என்பது அன்றைக்கு ஒரு பெட்டியாக இருக்கவில்லை, ஒரு லேபிள், நிரலில் ஓர் இடத்துக்கு வைத்த பெயர். ஸ்விட்ச் மதிப்பைப் பார்த்துப் பொருத்தமான லேபிளுக்குத் தாவுகிறது. தாவி இறங்கிய பிறகு நிரல் வழக்கம்போல மேலிருந்து கீழாக ஓடுகிறது. வழியில் இன்னொரு லேபிள் வந்தால் அதற்காக நிற்க வேண்டிய காரணம் எதுவும் கிடையாது. வெளியேற வேண்டுமானால் நீங்கள்தான் தாவ வேண்டும்.

என் தம்பி மகன் பெங்களூரில் பெரிய கம்பெனியில் இருக்கிறான். அவனிடம் இதைக் கேட்டபோது, "அத்தை, அது வேகத்துக்காக வச்சது" என்று யோசிக்காமல் சொன்னான். இருக்கலாம், இல்லாமலும் போகலாம்; எந்தக் காகிதத்தில் இருக்கிறது என்று கேட்டால் அவனிடம் பதில் இல்லை. மூன்றாம் தரச் சாட்சி என்றால் இதுதான். வலையில் கிடைக்கும் விளக்கங்களில் பாதி இந்த வகை. கேட்க அழகாக இருக்கும், தேதி இருக்காது.

மீதிப் பாதிக்கு கம்பைலரைத் திறக்க வேண்டும். பயப்படாதீர்கள், அந்தக் காலக் கம்பைலர் சின்னது. ரிச்சியின் பக்கத்தில் லாஸ்ட்1120சி என்ற பெயரில் இருப்பதை எடுங்கள். பி.டி.பி.-11/20 இயந்திரத்தைக் கைவிடும் நேரத்தில் எடுத்து வைத்த நகல் அது. எந்தப் பழைய கம்பைலரிலும் முதலில் தேட வேண்டியது ஒதுக்கப்பட்ட சொற்களின் பட்டியல். இதில் மெயின் ஃபங்ஷனின் தொடக்கத்திலேயே இனிட், இனிட் என்று வரிசையாக வருகிறது. வரிக்கு ஒரு சொல், பக்கத்தில் ஒரு எண். கோட்டூ 10, ரிட்டர்ன் 11, இஃப் 12, வைல் 13, எல்ஸ் 14, ஸ்விட்ச் 15, கேஸ் 16, பிரேக் 17, கன்டினியூ 18, டூ 19, டிஃபால்ட் 20. ஃபார் இல்லை! சி என்றாலே ஃபார் லூப் என்று நினைக்கும் நமக்கு அந்த இடம் வெறிச்சென்று இருக்கும். நோட்டில் இந்தப் பத்தியையும் நிரப்புங்கள்.

எண்களைக் குறித்துக்கொண்டு ஸ்டேட்மென்ட் என்ற ஃபங்ஷனுக்குப் போங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் என்ன செய்ய வேண்டும் என்று அங்கே இருக்கிறது. 17-ல், அதாவது பிரேக்கில், பிரேக்லேப் என்ற மாறியில் இருக்கும் லேபிளுக்குத் தாவு என்கிறது. 18-ல், கான்ட்லேப் என்ற மாறியில் இருக்கும் லேபிளுக்குத் தாவு. முழு ரகசியமும் இந்த இரண்டு மாறிகளில் இருக்கிறது. 13-ஐப் பாருங்கள்: வைல் தொடங்கும்போது இரண்டின் பழைய மதிப்பையும் எடுத்து வைத்துவிட்டு, இரண்டுக்கும் புது லேபிள் கொடுத்து, லூப் முடிந்ததும் பழையதைத் திருப்பி வைக்கிறது. இப்போது 15. ஸ்விட்ச் பிரேக்லேப்பை மட்டும் மாற்றுகிறது. கான்ட்லேப்பைத் தொடுவதே இல்லை.

லூப்புக்குள் ஸ்விட்ச் வரும்போது பிரேக் ஸ்விட்சின் முடிவுக்கும், கன்டினியூ வெளியே இருக்கும் லூப்புக்கும் போவது இதனால்தான். பாடப்புத்தகத்தில் இரண்டு பத்தி விதியாக இருப்பது இங்கே நாலைந்து வரி.

சரி, ஒரே பிரேக்குக்கு ஏன் இரண்டு வேலை? லூப்புக்கு ஒரு சொல், ஸ்விட்சுக்கு ஒரு சொல் என்று வைத்திருக்கலாமே? இதற்குத்தான் இரண்டாம் தரச் சாட்சியைக் கூப்பிட வேண்டும், முன்னாலேயே கூப்பிடக் கூடாது. 1993 கட்டுரையில் ரிச்சி சொல்கிறார்: பி.சி.பி.எல்-லில் ஸ்விட்ச்ஆனை விட்டு வெளியேற எண்ட்கேஸ் என்ற கட்டளை இருக்கிறது. ஆனால் 1960களில் தாங்கள் அந்த மொழியைக் கற்றபோது அது இருக்கவில்லை. ஆகவே பி-யும் சி-யும் பிரேக்கையே ஸ்விட்சுக்கும் பயன்படுத்தியது வேண்டுமென்று செய்த மாற்றம் இல்லை, இரண்டு கிளைகள் தனித்தனியாக வளர்ந்ததன் விளைவு. அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே தொல்லை வந்திருக்கிறது. இங்கிலாந்துக் கிளை புதுச் சொல் சேர்த்தது, அமெரிக்கக் கிளை இருந்த சொல்லை நீட்டிக்கொண்டது.

தேடலில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். மொழியில் இருக்கும் எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு முடிவு இருக்கும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். நோட்டில் கடைசியாக ஒரு பத்தி சேர்த்து, ஒவ்வொரு கட்டளைக்கும் எதிரே "முடிவு", "இடநெருக்கடி", "தற்செயல்", "பழையதை உடைக்கப் பயம்" என்று ஏதாவதொன்றை, சாட்சியின் பெயரோடு எழுதுங்கள்.

பயம் என்பதற்கும் உதாரணம் உண்டு, இரண்டு நிபந்தனைகளை 'மற்றும்' என்று இணைக்கும் குறியில். பி-யில் இரட்டை && கிடையாது. ஒற்றை & தான். இஃப்-க்குள் வந்தால் அது இடப்பக்கம் பொய்யானதும் வலப்பக்கத்தைப் பார்க்காமலே நிறுத்திவிடும், மற்ற இடங்களில் பிட் கணக்குப் போடும். ரிச்சி பிறகு இரண்டையும் பிரித்து &&, || கொண்டுவந்தார். அப்படிப் பிரித்ததும் ஒற்றை &-இன் முன்னுரிமையை (எதை முதலில் கணக்கிடுவது என்ற வரிசையை) ==-க்கு மேலே ஏற்றியிருக்க வேண்டும். ஏற்றவில்லை, இன்றும் அங்கே அடைப்புக்குறி போடாதவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். ஏன் என்று 1982-ல் அவரே எழுதினார்: ஏற்கெனவே சில நூறு கிலோபைட் நிரல் எழுதியாகிவிட்டது, மொழி ஏறக்குறைய மூன்று இடங்களில் ஓடிக்கொண்டிருந்தது, அதனால் மாற்றாமல் விடுவதே பாதுகாப்பு என்று பட்டது. மூன்று இடம்!

தேதியில் ஒரு கண் வையுங்கள். கோட்டூ தீங்கானது என்ற கணினி அறிஞர் டைக்ஸ்ட்ராவின் புகழ்பெற்ற கடிதம் 1968 மார்ச்சில் வெளிவந்தது. அதனால்தான் சி-யில் வைல், இஃப்-எல்ஸ் எல்லாம் வந்தன என்று எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் நோட்டைத் திறந்தால் போதும்: 1967 பத்தியிலேயே அவையெல்லாம் இருக்கின்றன. இன்னும் பின்னால் போனால் 1960-ன் ஆல்கால் என்ற மொழியின் அறிக்கையிலேயே இஃப்-எல்ஸ் இருக்கிறது.

படித்தது போதும், ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றால் பாப் சப்னிக் தொடங்கிய சிம்ஹெச் என்ற மென்பொருள் உங்கள் லேப்டாப்பை பி.டி.பி.-11 ஆக நடிக்க வைக்கும். அதில் ஆறாம் பதிப்பு யூனிக்ஸை ஏற்றிக்கொள்ளலாம். உள்ளே போனதும் சில பழக்கங்கள் இடறும். டைரக்டரி மாற்ற சிடி என்றால் கேட்காது, சிஹெச்டிர் என்று அடிக்க வேண்டும். தப்பாக அடித்த எழுத்தை அழிக்க # அடிக்க வேண்டும். @ அடித்தால் வரி முழுக்கப் போய்விடும். ஆகவே இன்க்ளூட் வரிக்கு # தேவைப்பட்டால் முன்னால் \ சேர்த்து அடியுங்கள். இன்று += என்று எழுதுவது அங்கே =+. இதனால் i-க்கு மைனஸ் 1 கொடுக்கலாம் என்று இடைவெளி விடாமல் =-1 என்று எழுதினால், அது i-யிலிருந்து ஒன்றைக் கழித்துவிடும். ஒரு வைல், அதற்குள் ஒரு ஸ்விட்ச், ஒரு கேஸில் பிரேக், ஒன்றில் கன்டினியூ, ஒன்றில் எதுவுமில்லாமல் எழுதி சிசி-யில் கம்பைல் செய்து ஓட்டிப் பாருங்கள். ஐம்பது ஆண்டுக்கு முந்தைய சி-யும் நம் வீட்டு சி-யும் ஒரே மாதிரி நடப்பதைப் பார்க்கலாம்.

முன்னோர்களை முடித்ததும் வாரிசுகளையும் ஒரு நடை பார்த்துவிடுங்கள், இது விரைவாக முடியும். ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் 1995-ல் கேஸ் வழிந்து இறங்குவதை அப்படியே எடுத்துக்கொண்டன. சி ஷார்ப், வேலை இருக்கும் கேஸ் தானாக வழிவதை அனுமதிக்காது. 2009-ல் வெளிவந்த கோ மொழியில் கேஸ் தானாக நின்றுவிடும். இறங்க வேண்டுமானால் ஃபால்த்ரூ என்று வெளிப்படையாக எழுத வேண்டும். அதை வடிவமைத்த மூவரில் ஒருவர் கென் தாம்ப்சன், ஒவ்வொரு கேஸ் முடிவிலும் கோட்டூ லூப் எழுதிய அதே ஆள். இரட்டை வேலை பார்த்த பிரேக்குக்கும் ஒரு விலை இருந்தது: 1990 ஜனவரி 15-ல் அமெரிக்காவில் ஏ.டி. அண்ட் டி.யின் தொலைதூரத் தொலைபேசி வலை ஏறக்குறைய ஒன்பது மணி நேரம் முடங்கியது. ஸ்விட்சுக்குள் இருந்த ஓர் இஃப்-இல் போட்ட பிரேக், எழுதியவர் நினைத்த இடத்துக்குப் போகாமல் வேறிடத்துக்குப் போனது. சி பிறந்த பெல் லேப்ஸ் அப்போது அந்த நிறுவனத்துடையதாகத்தான் இருந்தது.

தனியாக ஒரு கேள்வியை எடுத்துப் பழக வேண்டும் என்றால் ஃபார்-ஐ எடுங்கள். பி.சி.பி.எல்-லில் எண்ணும் ஃபார் இருக்கிறது, லாஸ்ட்1120சி-யில் ஃபாரே இல்லை, 1975 கையேட்டில் மூன்று அரைப்புள்ளிப் பகுதிகளோடு இன்றைய வடிவில் நிற்கிறது. டேப்பில் கிடைத்த இரண்டாவது கம்பைலரின் பெயர் ப்ரீஸ்ட்ரக்ட்-சி. அதைத் திறந்து, முதலில் அந்த இனிட் வரிகளுக்குப் போங்கள்.